எஞ்சின் நம்பரில் ஒரு பூ

நான் செய்த காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இழுத்தடித்தால் எனக்கே மூச்சு முட்டும். என் தங்கச்சி மாப்பிள்ளை அஸாருடைய பைக்கின் எஞ்சின் நம்பர் மேல், பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மெஷினை வைத்து நான் நம்பர் வெட்டிவிட்டேன்.

நீடாமங்கலம் கடைத்தெருவில் ஹாஜா மைதீன் பாத்திரக் கடை எது என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். இருபத்தாறு வருஷமாகக் கடை நடக்கிறது. தாய்மாமன் சீராக வைக்கிற அண்டாவிலிருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் டிபன் பாக்ஸ் வரைக்கும் பேர் வெட்டுவது நான்தான். ஆள் வைத்துப் பார்த்தேன். அவன் எழுத்தை விழுங்கினான், வாங்கினவர் வந்து என்னிடம் கத்தினார், நான் அவனிடம் கத்தினேன், அவன் நின்றுவிட்டான். எனக்குக் கோபம் சட்டென்று வரும், வருவதைப் போலவே போய்விடும். பேர் வெட்டி முடித்ததும் கடைசியில் ஐந்து இதழில் ஒரு சின்னப் பூ போடுவேன். யாரும் கேட்டுப் போடுவதில்லை, கை தானாகப் போட்டுவிடும்.

அஸாரின் பைக் அவரைப் பெற்ற அத்தா ஜெகபர் அலி வாங்கியது. எண்பத்தைந்தின் கடைசியில் வந்த ஆர்எக்ஸ் நூறு. நம்பர் பலகையில் பழைய மூன்றெழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது. அவர் எட்டு வருஷம் ஓட்டினார். முழங்கால் போனதும் தன் உரக்கடைக் கோடவுனில் சாக்குப் போட்டு மூடி வைத்தார். அவர் மௌத்தாகி அடக்கம் செய்த பிறகு ஆர்சி புத்தகம் அஸார் பேருக்கு மாறியது. அஸார் குவைத்திலிருந்து லீவில் வரும்போதெல்லாம் தூசி தட்டி ஒரு சுற்று சுற்றுவார், புதுப்பிக்க வேண்டிய காலத்தில் புத்தகத்தைப் புதுப்பிப்பார், திரும்பவும் சாக்கைப் போட்டு மூடுவார்.

இந்தப் பழைய வண்டிப் பைத்தியம் எனக்கு இன்றைக்கும் முழுசாகப் புரியவில்லை. ஒரே கம்பெனி, ஒரே பேர், ஒரே டேங்க். தொண்ணூற்றிரண்டில் செய்தது என்றால் பால்காரர்கூட நிற்காமல் போவார். எண்பத்தைந்தில் செய்தது என்றால் கோயம்புத்தூரிலிருந்து ஜெரால்ட் என்று ஒருவர் காரில் வருகிறார். முதல் வருஷத்து வண்டிகளுக்கு முக்கியமான சாமான்கள் ஜப்பானிலிருந்தே பெட்டியில் வந்ததாம், பிறகு வருஷத்துக்கு வருஷம் இங்கேயே செய்ய ஆரம்பித்தார்களாம். அந்த முதல் வண்டிகளிலும் பாதிக்கு மேல் பெயிண்ட் மாறி, எஞ்சின் மாறி, சைலன்சர் அறுபட்டுப் போய்விட்டன. ஒரே ஆள் கையில் மட்டும் ஓடி, எதுவும் மாறாமல் நிற்கிற வண்டி கிடைப்பதில்லை. அதற்காக அவர் சொன்ன விலை ஒரு புதுக் காரின் பாதி.

அந்தப் பாதிக் கார் விலையில் என் தங்கச்சி அஃப்ரீனின் வாழ்க்கை இருந்தது. அஸார் குவைத்தில் ஏசி மெக்கானிக். பதினொரு வருஷக் கல்யாணத்தில் அவளோடு சேர்ந்து இருந்தது மொத்தம் இருபது மாசம் இருக்கலாம். இந்த முறை, போதும், திரும்பிப் போகவில்லை என்று வந்திருந்தார். மன்னார்குடி ரோட்டில் ஏசி, பிரிட்ஜ் சர்வீஸ் கடை போட இடம் பார்த்தாகிவிட்டது. அட்வான்ஸ் கொடுக்க வண்டி விற்கவேண்டும். சனிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போகும். விற்கவில்லை என்றால் திங்கட்கிழமை திருச்சியிலிருந்து விமானம். டிக்கெட்டையும் ஒரு பக்கம் போட்டே வைத்திருந்தார்கள். அதற்குள் திரும்பாவிட்டால் விசா முடிந்துவிடும், வேறு வழியில்லை.

ஜெரால்ட் வாட்ஸப்பில் கேட்டது ஒன்றுதான். எஞ்சின் நம்பரைத் தெளிவாக ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அதைப் பார்த்தால் எந்த வருஷம், எந்த மாசம் என்று சொல்லிவிடுவேன் என்றார். கோடவுனில் யூரியா மூட்டைகளுக்கு நடுவில் நின்ற வண்டி. அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து கடைசி மூன்று எண் மங்கிக் கிடந்தது. வியாழக்கிழமை மதியம் அஸார் மன்னார்குடி போயிருந்த நேரத்தில் அஃப்ரீன் எனக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அந்த நம்பர் படத்துல விழவே மாட்டேங்குது. நீங்க மெஷின் வச்சிருக்கீங்கள்ல, கொஞ்சம் தெரியற மாதிரி பண்ணிக் குடுங்களேன். அவரு வர்றதுக்குள்ள அனுப்பிடலாம்."

நானும் ஒரு பெரிய மனுஷன் மாதிரி மெஷினைத் தூக்கிக்கொண்டு போனேன். முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பொரிந்ததோடு சேர்ந்து கொஞ்சநஞ்சம் இருந்த எண்ணும் போய்விட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. ஆர்சி புத்தகத்தைக் கொண்டு வரச் சொல்லி, அதைப் பார்த்து, மூன்று எண்ணையும் வெட்டினேன். அந்த மூன்று மட்டும் பளிச்சென்று தெரியவே, மற்றதையும் சேர்த்து ஒரே அளவாக வெட்டினேன். கடைசியில் பூவும் போட்டுவிட்டேன்.

அஃப்ரீன் குனிந்து பார்த்துவிட்டு, "அழகா இருக்குண்ணே" என்றாள். எனக்கும் அழகாகத்தான் இருந்தது.

படம் எடுத்துக்கொண்டேன். வேலை முடிவதற்குள் இருட்டிவிட்டது, ராத்திரி நேரத்தில் தொந்தரவு வேண்டாம், காலையில் அனுப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். வெள்ளிக்கிழமை காலையில் கடை திறக்கப் போகும் வழியில், மெக்கானிக் சிங்கராயரிடம் காட்டிப் பெருமை அடித்துக்கொள்ளலாம் என்று அவருடைய பட்டறையில் நின்றேன். ஊரில் பாதி வண்டிகள் அவர் கையில் வளர்ந்தவை. படத்தைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பாய், இது யாரு செஞ்சது?"

"நான்தான். எப்படி?"

"ஏன் பாய் இப்படி ஒரு வேலையச் செஞ்சீங்க? பூ வேற போட்டு வச்சிருக்கீங்க!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தெரியாத நம்பரைத் தெரியவைத்தேன், திருடியா விட்டேன் என்று கேட்டேன்.

"திருட்டு வண்டிக்குத்தான் இப்படிச் செய்வாங்க" என்றார் அவர். "கம்பெனி நம்பர் அச்சுல அடிச்சது. ஒவ்வொரு எண்ணும் ஒரு தினுசா இருக்கும், அதப் பாத்துப் பழகினவங்களுக்குத் தெரியும். தேஞ்சு போயிருந்தாலும் பரவால்ல, தேஞ்ச ஒரிஜினல்னு மதிப்பாங்க. நீங்க தேய்ச்சு அழிச்சிட்டு மேல எழுதியிருக்கீங்க. இந்த வண்டி எண்பத்தஞ்சுன்னு இனிமே எத வச்சுச் சொல்வீங்க? இதே மாதிரி பின்னால வந்த எஞ்சினத் தூக்கி வச்சு, நம்பர மட்டும் எழுதிட்டான்னுதானே சொல்வாங்க?"

"புக்குல இருக்கே."

"புக்குல இருக்கிறத எவனும் எஞ்சின்ல எழுதலாம் பாய். நீங்களே எழுதியிருக்கீங்களே."

பட்டறையில் ஒரு பழைய டயர் கிடந்தது, அதில் உட்கார்ந்துவிட்டேன்.

"இதச் சரி பண்ண முடியுமா?"

"கம்பெனி அச்சு மாதிரியே அடிச்சுத் தர்ற ஆளு இருக்கான். எனக்கும் தெரியும். ஆனா நான் கைகாட்டி விட மாட்டேன். இப்ப இருக்கறது தெரியாம செஞ்ச தப்பு. அது தெரிஞ்சு செய்யற தப்பு."

"கிரீஸ் தடவி விட்டுட்டா?"

சிங்கராயர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே கூசியது. "வாங்க வர்றவரு ஏமாந்து வாங்கிட்டாருன்னே வச்சுக்கங்க. பேரு மாத்தக் கோயம்புத்தூர் ஆர்டிஓ ஆபீஸ்ல நம்பர் மேல தாள வச்சுப் பென்சிலால தேய்ப்பாங்க. பூவும் சேந்து விழும். வித்தது யாரு? அஸார் தம்பி. கேஸுன்னு ஒண்ணு ஆயிட்டா அதுக்கப்புறம் பாஸ்போர்ட்டு என்னாகும்னு யோசிச்சுப் பாருங்க. இங்கயும் இல்ல, அங்கயும் இல்லன்னு ஆயிரும்."

படத்தை அனுப்பாமல் விட்டதற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். ஆனால் படம் வராவிட்டாலும் ஜெரால்ட் அன்றைக்கு மாலை நாலு மணிக்கு நேரிலேயே வருவதாக இருந்தது. அதற்குள் அஸாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். முடிவு செய்தேனே தவிரக் கிளம்பவில்லை. கடையில் போய் உட்கார்ந்தேன். ஒரு குடம் வாங்க வந்த அம்மாவிடம் குக்கர் விலையைச் சொன்னேன். ஜும்மாவுக்குப் போனேன், இமாம் என்ன பேசினார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பள்ளிவாசலில் அஸார் இரண்டு வரிசை முன்னால் இருந்தார். தொழுகை முடிந்ததும் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து, "மச்சான், துஆ செய்யுங்க, இன்னைக்கு முடிஞ்சிரும்" என்றார். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இவ்வளவு பெரிய கோழை என்று அதுவரைக்கும் என்னை நான் நினைத்ததில்லை.

இரண்டரைக்கு அஸாரிடமிருந்து போன் வந்தது.

"மச்சான், ஜெரால்ட் சார் சீக்கிரமே வந்துட்டாரு. இப்பத்தான் எறங்கினாரு. நீங்க வந்துருங்க, நீங்க இருந்தா எனக்குத் தெம்பா இருக்கும்."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. எங்கள் ஊர் கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியாது. கூட்ஸ் வண்டி ஒன்று போய், எஞ்சின் மட்டும் திரும்பி வந்து, மறுபடி போய்க்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் அறுவடை மெஷின் ஏற்றிய லாரி ஒன்று, பின்னால் நெல்லு மூட்டை ஏற்றிய டிராக்டர். திரும்பிப் போகவும் வழியில்லை. அஸாருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அஃப்ரீனுக்குப் போட்டேன்.

"அந்த நம்பரப் பாத்துட்டாரா?" என்றேன்.

"இல்லண்ணே, இப்பத்தான் டேங்கத் தடவித் தடவிப் பாக்குறாரு. ஏன், என்னாச்சு?"

நடந்ததைச் சொன்னேன். லாரிக்காரன் ஹாரனுக்கு நடுவில் கத்திக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் சொன்னதாலதானே" என்றாள்.

"நீ வாயத் தொறக்காத. நான் வர்றேன்."

கேட் பாதி தூக்கும்போதே தலையைக் குனிந்து நுழைந்துவிட்டேன். கேட்கீப்பர் என் அத்தாவையும் சேர்த்துத் திட்டினார், அவர் திட்டியது நியாயம்தான்.

அஸார் வீட்டு வாசலில் வேப்பமரத்து நிழலில் வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஜெரால்டுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல சட்டையோடு தரையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். கார்புரேட்டரில் இருந்த ஜப்பான் எழுத்தை விரலால் தடவினார். பின் விளக்கைத் தட்டிப் பார்த்தார். சீட்டுக்குக் கீழே தொழிற்சாலைப் பெயிண்ட் அப்படியே இருப்பதைக் கண்டு, "கை படவே இல்ல சார், கை படவே இல்ல" என்று அஸாரிடம் சொன்னார்.

"மத்ததெல்லாம் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான்" என்றார் அவர். "டேங்க் வேற வண்டியிலேர்ந்து வரலாம், விளக்கு வாங்கலாம். வருஷத்தச் சொல்றது நம்பர் மட்டும்தான். அதக் கடைசியா பாக்குறது என் பழக்கம். ஆசையா இருக்கும் பாருங்க." சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தார்.

அஸார் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். அவருக்குப் பின்னால், கதவுத் திரை ஓரத்தில் அஃப்ரீன் நின்றாள்.

"சார், இருங்க" என்றேன். நான் நினைத்ததைவிடப் பெரிய சத்தமாக வந்துவிட்டது. "அந்த நம்பர நான் வெட்டியிருக்கேன்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆரம்பித்துவிட்ட பிறகு நிறுத்த முடியவில்லை. பாத்திரக் கடை, மெஷின், உப்புத்தாள், பூ எல்லாவற்றையும் கொட்டினேன். ஜெரால்ட் டார்ச்சை அடித்துக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். அந்த நேரத்தில் அஸாரின் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

"மச்சான், யாரு சொல்லி இதச் செஞ்சீங்க?" என்றார் அஸார். மெதுவாகத்தான் கேட்டார்.

திரை அசைந்தது. அவள் வெளியே வர ஒரு காலை எடுத்து வைத்துவிட்டாள் என்று தெரிந்தது. நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன். சின்ன வயதில் அத்தா அடிக்க வரும்போது, ஓடிப் போ என்று பார்ப்பேனே, அந்தப் பார்வை. கால் நின்றுவிட்டது.

"யாரும் சொல்லல மாப்பிள்ள. நானாத்தான் வந்து செஞ்சேன். படத்துல விழட்டும்னு."

அன்றைக்கு நான் சொன்ன எல்லாமே உண்மை, அது ஒன்றைத் தவிர.

ஜெரால்ட் எழுந்து முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "பாய், நீங்க சொல்றத நான் அப்படியே நம்புறேன்" என்றார். "திருட்டு நம்பர் வெட்டுறவன் பூ போட மாட்டான். ஆனா நான் ஒருத்தன் நம்பி என்ன செய்யறது? எங்க ஆளுங்க நூறு பேரு வந்து பாப்பாங்க. ஒவ்வொருத்தர் கிட்டயும் நான் உங்க கதையச் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது. வருஷம் போயிடுச்சு சார். இனிமே இது நல்லா ஓடற ஒரு பழைய வண்டி. அவ்வளவுதான்." ஓட்டுவதற்கு என்று வாங்கினால் இவ்வளவு தரலாம் என்று ஒரு தொகையைச் சொன்னார். அது கடை அட்வான்சில் கால்வாசிகூட வராது.

அஸார் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். காருக்குப் போகும் முன் ஜெரால்ட் டேங்கை இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

அஸார் என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தி, அழுது, எப்படியாவது ஒரு வழியாக முடிந்திருக்கும். அவர் திட்டவில்லை. சாக்கை எடுத்து வண்டி மேல் போட்டார். "என் கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். மறுநாள் இடத்துக்காரருக்கு நானே போன் செய்தேன், ஒரு மாசம் தவணை கேட்டேன். கடைச் சரக்கின் பேரில் கடன் வாங்கித் தருகிறேன் என்று அஸாருக்குச் சொல்லி அனுப்பினேன். மச்சானிடம் எதுவும் வேண்டாம் என்று பதில் வந்தது. இடம் சாயந்திரமே கைமாறிவிட்டது.

திங்கட்கிழமை திருச்சிக்கு ஒரே காரில்தான் போனோம். முன் சீட்டில் அஸார், பின்னால் நானும் அஃப்ரீனும் அவள் மகளும். வழி முழுக்க டிரைவர்தான் பேசினார். விமான நிலைய வாசலில் அஸார் மகளைத் தூக்கி முத்தம் கொடுத்தார், அஃப்ரீனிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். நான் கையை நீட்டினேன். அவர் பெட்டிக் கைப்பிடியைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்துவிட்டு, கண்ணாடிக் கதவுக்குள் போய்விட்டார். நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அஃப்ரீன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நான் அவருகிட்டச் சொல்லிடறேன். எனக்குத் தாங்கல. நான் கேட்டதாலதானே நீங்க செஞ்சீங்க."

"சொல்லாத."

"அவரு உங்க மூஞ்சியக்கூடப் பாக்கலண்ணே."

"பாக்க வேண்டாம். ரெண்டு வருஷம் அங்க தனியா ரூம்ல கெடக்கப் போறாரு. நெனச்சு நெனச்சுக் கோவப்படறதுக்கு ஒரு ஆளு வேணும். அது நானா இருந்துட்டுப் போறேன். எனக்கு அவரு போன் பண்ணலன்னா ஒண்ணும் ஆயிராது. ஒனக்குத் தெனம் வரணும்."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் கையில் இருந்த போன் அடித்தது. அஸார்தான், உள்ளே செக்கிங் முடிந்துவிட்டது போல. அவள் என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். நான் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்று பேச ஆரம்பித்தாள்.